மணல்மேடு மீட்பு: நாற்று வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

கடற்கரை மணல்மேட்டை மீட்கத் தனியாகக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நாற்றில்தான் ஆரம்பிக்கிறார்கள். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கு செடிக்குப் போகிறது. ஆட்களைத் திரட்டி ஒரே மூச்சில் நட்டு முடிக்கிறார்கள். அடுத்த பருவத்தில் போய்ப் பார்த்தால் பாதிச் செடிகள் காலடியில் நசுங்கிக் கிடக்கின்றன, மீதி வேர் வெளியே தெரியக் காய்ந்து நிற்கின்றன. ஒரு வருடம் போகிறது, பணம் போகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், கூட வந்தவர்கள் மறுபடி கூப்பிட்டால் வரமாட்டார்கள். அடிபட்டபின் எல்லோர் வாயிலும் வருவது ஒன்றுதான்: எதற்குப் பின் எதைச் செய்வது என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். மணல் வரவு, இடம், மனிதக் கால், வேலி, அதன் பிறகுதான் செடி. இந்த வரிசை மாறினால் எவ்வளவு உழைத்தாலும் கைக்கு மிஞ்சாது. ஆகவே அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் மேடு என்ன செய்கிறது என்பதில் தெளிவு வேண்டும். புயல் வரும்போது அலை மேட்டின் முன்பக்கத்தை அரித்து மணலை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அந்த மணல் கரைக்குச் சற்று அப்பால் கடலடியில் திட்டாகப் படியும். அடுத்தடுத்து வரும் பெரிய அலைகள் அந்தத் திட்டிலேயே உடைந்து பலமிழக்கும். கடல் அமைதியான மாதங்களில் சின்ன அலைகள் அதே மணலைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவந்து போடும், வெயில் உலர்த்தும், காற்று தூக்கி மேட்டில் சேர்க்கும். ஆக, மேடு கரைவதுதான் அதன் வேலை. இதைச் சுவர் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் முதல் புயலிலேயே மனம் உடைந்து போகிறார்கள். கரையாத சுவர்தான் வேண்டுமென்று கருங்கல் கொட்டினால், அலை கல்லில் மோதித் திரும்பும்போது முன்னால் இருக்கும் கடற்கரை தாழ்ந்துகொண்டே போகும், கல் முடிகிற இடத்துக்கு அடுத்த கரையில் அரிப்பு கூடும். கடற்கரையையே காப்பாற்ற வந்தவருக்கு அது உதவாது.

இப்போது மணல் வரவு. அங்கே இருந்த மேடு ஏன் போனது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு வேலிக்கம்பு கூட ஊன்றக் கூடாது. ஆற்றில் அணை கட்டி மணல் வரத்து நின்றிருக்கலாம். மணல் ஓடிவரும் திசையில் ஒரு துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரோ, கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டிய தூண்டில் வளைவோ நின்றுகொண்டு மணலை மறித்துக்கொண்டிருக்கலாம். கரையிலிருந்தே மணலை அள்ளியிருக்கலாம். அல்லது மணல் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருக்கும், மேட்டை மனிதர்கள் மிதித்தோ இடித்தோ அழித்திருப்பார்கள். கடைசியாகச் சொன்ன நிலை இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர், வேலியும் செடியும் நிச்சயம் பலன் தரும். முதல் மூன்றில் ஒன்று என்றால் மேடு கொஞ்ச காலத்தைத்தான் வாங்கிக் கொடுக்கும். வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டாமல் அது நிலைக்காது. நெதர்லாந்தில் 2011இல் டெல்ஃப்லாந்து கரையில் சுமார் 2.15 கோடி கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் கொட்டி, அலையும் காற்றும் அதைக் கரை நெடுகப் பரப்பட்டும் என்று விட்டார்கள். மணல் வரவு என்பது எந்த அளவுக் காரியம் என்று புரிந்துகொள்ள அந்த எண் போதும்.

வரவா செலவா என்று கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. எமரி என்பவர் 1961இல் எழுதிவைத்த இரண்டு கம்பு முறை இன்றைக்கும் செல்லும். 1.5 மீட்டர் உயரத்தில் இரண்டு நேரான கம்புகள், 1.5 மீட்டர் கயிறு ஒன்று. கம்பின் உச்சியைப் பூஜ்யமாக வைத்துக் கீழ்நோக்கிச் சென்டிமீட்டர் கோடுகள் போடுங்கள். மேட்டுக்குப் பின்னால் நகராத ஓர் அடையாளத்திலிருந்து தொடங்கிக் கடலை நோக்கிக் கம்பு கம்பாக நகருங்கள், கயிறு கிடைமட்டமாக இருக்கட்டும். நிலம் கடல் பக்கம் இறங்கினால், கரைப்பக்கக் கம்பின் பின்னால் நின்று கடல்பக்கக் கம்பின் உச்சியையும் தொடுவானத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவாருங்கள். அந்தக் கோடு கரைப்பக்கக் கம்பை எந்த அளவில் வெட்டுகிறதோ அதுதான் அந்த ஒன்றரை மீட்டருக்கான இறக்கம். நிலம் ஏறினால் கரைப்பக்கக் கம்பின் உச்சி வழியாகத் தொடுவானத்தைப் பார்த்து, எதிர்க்கம்பில் அளவைப் படியுங்கள். இளமணலில் கம்பு புதைந்து கணக்கைக் கெடுக்கும், அடியில் ஒரு சின்னப் பலகைத் துண்டை ஆணியடித்து வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. மாதம் ஒரு முறை, நீர் வற்றியிருக்கும் நேரத்தில், அதே கோட்டில் அளக்க வேண்டும். பெரிய புயல் ஓய்ந்ததும் ஒரு முறை கூடுதலாக.

முழுதாக ஒரு வருடம் அளக்காமல் முடிவுக்கு வராதீர்கள். கொந்தளிப்பான மாதங்களில் பார்த்தால் எந்தக் கரையும் அழிகிற மாதிரி இருக்கும், அமைதியான மாதங்களில் எந்தக் கரையும் வளர்கிற மாதிரி இருக்கும். ஒரே பருவத்தை இரண்டு வருடம் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். அந்த ஒரு வருடம் சும்மா இருப்பதுபோல் எரிச்சலாக இருக்கும், உதவிப்பணம் கொடுத்தவர்கள் எப்போது நடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தாங்கிக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதங்களுக்கு அலைவது, நாற்றங்கால் போடுவது எல்லாம் அந்த வருடத்திலேயே முடியும்.

அடுத்தது இடம். 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம். கேட்டால் சின்ன எண்தான், ஆனால் மணற்கரையில் கடல் உயர்ந்ததைப் போல 50 முதல் 100 மடங்கு தூரம் கரை பின்வாங்கும் என்று ஒரு பழைய குத்துமதிப்புக் கணக்கு உண்டு. பத்து சென்டிமீட்டர் உயர்ந்தால் ஐந்து முதல் பத்து மீட்டர். இந்தக் கணக்கை எல்லாக் கரைக்கும் பொருத்தக் கூடாது என்று சண்டை போடுகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எச்சரிக்கைக்கு அது உதவும். மேட்டுக்குப் பின்னால் அது பின்வாங்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால், உயர் ஓதக் கோட்டுக்கும், அதாவது கடல் ஏறும்போது நீர் எட்டும் கோட்டுக்கும், மேட்டின் அடிக்கும் நடுவில் உலர்ந்த மணல் பட்டை இருக்க வேண்டும், ஏனென்றால் காற்று தூக்குவது உலர்ந்த மணலைத்தான். மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் உலர்ந்த மணல் நகர ஆரம்பிக்கும், ஈர மணல் அந்தக் காற்றுக்கெல்லாம் அசையாது. ஒவ்வொரு ஓதமும் மேட்டடியைத் தொடுகிற கரையில் வேலி போட்டுக் காத்திருந்தால் வேலிதான் மிஞ்சும். அதுவும் சில நாளைக்குத்தான்.

எவ்வளவு மேடு போதும் என்று எல்லோரும் கேட்பார்கள். அமெரிக்க வெள்ள வரைபடக்காரர்கள் வெகுகாலம் வைத்திருந்த அளவு இது: ஓர் ஆண்டில் நிகழ 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ள மட்டத்துக்கு மேலே, மேட்டின் முகட்டுக்குக் கடல் பக்கமாக, குறுக்குவெட்டில் 540 சதுர அடி மணல். அதாவது சுமார் 50 சதுர மீட்டர். ஐந்து மீட்டர் அகலத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்கு எழும்பிய இளம் மேட்டில் ஐந்து சதுர மீட்டர் கூட இருக்காது. இரண்டு வருடம் உழைத்து எழுப்பிய மேடு பெரும்புயலை நிறுத்திவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். சாதாரணக் கொந்தளிப்புகளைத் தாங்கி, ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாவது, மனிதக் கால். மணல் கட்டும் கொடிகள் உப்பைத் தாங்கும், புதைந்தாலும் எழும், வெயிலில் வாடாது. மிதிபடுவதை மட்டும் தாங்காது. ஒரே வழியில் ஆட்கள் நடக்க நடக்கச் செடி சாகும், அந்த இடுக்கில் காற்று நுழைந்து தோண்டும், சில பருவங்களில் அது மேட்டையே இரண்டாகப் பிளக்கும் பள்ளமாகிவிடும். தடுப்புக் கயிறு கட்டிப் பலகை வைத்தால் மட்டும் ஆட்கள் நிற்க மாட்டார்கள், அவர்களுக்கு வேறு வழி வேண்டும். கடலை நோக்கி நேராகப் பாதை போட்டால் அதுவே காற்றுக்கும் புயல் நீருக்கும் வாசலாகிவிடும். பலமான காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதற்குக் குறுக்காக, நடுவில் ஒரு திருப்பம் வைத்துப் போடுங்கள். மரப்பாதை என்றால் மணல் அடியில் ஓடும்படி தூக்கிக் கட்டுங்கள், மணல் ஏற ஏற உயர்த்திக்கொள்ளும்படி கழற்றி மாட்டும் வகையில் இருந்தால் இன்னும் நல்லது.

இதோடு சேர்ந்தது, கடற்கரையைச் சுத்தம் செய்யும் இயந்திரம். கரை ஒதுங்கிய பாசியும் சருகும் குப்பை மாதிரி தெரியும், ஆனால் காற்றில் வரும் மணல் முதலில் தங்குவது அதன் பின்னால்தான். விதைகளும் அதில்தான் ஒதுங்கும், செடிக்கு உரமும் அதுதான். கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா கடற்கரையில் 2016இல் சுமார் மூன்று ஏக்கரில் இயந்திரம் வாரிப் போவதை நிறுத்தி, தாழ்வான வேலி போட்டு, உள்ளூர்ச் செடிகளின் விதை தூவியதிலேயே சின்னச் சின்ன மேடுகள் எழும்பின. பிளாஸ்டிக்கைக் கையால் பொறுக்குங்கள், பாசியை விட்டுவிடுங்கள். துப்புரவுப் பொறுப்பில் இருப்பவர்களிடம் இதை எழுத்தில் வாங்கிக்கொள்வது முக்கியம். வாய்ப்பேச்சை நம்பினால், வண்டி ஓட்டுபவர் மாறிய அன்றைக்கே உங்கள் இளம் மேடு சமதளமாகிவிடும். வயிறு எரியும், ஆனால் யாரையும் குறை சொல்ல முடியாது.

இனி வேலி. காசு வீணாவதும் பலன் கிடைப்பதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மணல் வேலி காற்றை நிறுத்தக் கூடாது, வேகத்தைக் குறைக்க வேண்டும். பரப்பில் பாதி அடைப்பும் பாதி இடைவெளியுமாக இருப்பதுதான் சரியான அளவு. முழுதும் அடைத்த தகரமோ தார்ப்பாயோ கட்டினால் காற்று மேலேறிச் சுழன்று இறங்கி அடிமணலைத் தோண்டிவிடும். இடைவெளி மிக அதிகமான மீன்வலை கட்டினால் மணல் அதன் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். மரச்சட்டம், மூங்கில் பிளாச்சு, நெருக்கமாக நட்ட சுள்ளி, தென்னைநார் வலை, சணல் துணி, எதுவானாலும் மக்கிப்போகிற பொருளாக இருக்கட்டும். இரும்புக் கம்பியாலும் பிளாஸ்டிக் வலையாலும் கட்டிய வேலி புயலில் பிய்ந்தால் ஆமைக்கும் பறவைக்கும் கண்ணியாகிவிடும், மணலுக்குள் புதைந்த துருப்பிடித்த கம்பியைத் தோண்டி எடுப்பது, கட்டியதைவிடப் பெரிய வேலை.

வேலிக்கு 1.2 மீட்டர் உயரம் போதும். கம்பு 2.2 மீட்டர், அதில் ஒரு மீட்டர் மணலுக்குள் போக வேண்டும், கம்புக்குக் கம்பு 2.5 முதல் 3 மீட்டர். ஆழத்தில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். காற்று வலையை உப்பவைத்து இழுக்கும்போது ஆழம் குறைந்த கம்பு சாய்ந்துவிடும், ஒன்று சாய்ந்தால் வரிசையே சாயும். வலையைக் காற்று வரும் பக்கத்தில் கட்டினால் காற்று அதைக் கம்போடு அழுத்தும், மறுபக்கம் கட்டினால் முடிச்சுகளைப் பிய்க்கும். ஒவ்வொரு கம்பிலும் நாலு இடத்தில் முடிச்சு. வலையின் அடி விளிம்பு மணலைத் தொட வேண்டும், கையளவு இடைவெளி விட்டாலும் அதன் வழியே காற்று பாய்ந்து வாய்க்கால் வெட்டிவிடும். வேலியின் இரண்டு முனைகளிலும் அரிப்பு அதிகம், ஆகவே முனைகளைக் கரைப்பக்கம் சற்று மடக்கி விடுங்கள். இரண்டாவது வரிசை வேண்டுமென்றால் வேலி உயரத்தைப் போல நாலு மடங்கு தூரத்தில், அதாவது ஏறக்குறைய ஐந்து மீட்டர் பின்னால். மூன்றில் இரண்டு பங்கு மணலில் மூழ்கியதும் அதன் மேலேயே அடுத்த வேலியை ஊன்றலாம், நிரம்பிய வேலி அதற்கு மேல் மணல் பிடிக்காது.

ஆமை முட்டையிட வரும் கரை என்றால் கரை நெடுக ஒரே நீளமாக வேலி போடக் கூடாது, ஆமை முட்டி நின்று திரும்பிவிடும். ஃபுளோரிடாவில் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: பத்தடி நீளத்துக்கு மேல் போகாத துண்டுகள், துண்டுக்குத் துண்டு குறைந்தது ஏழடி இடைவெளி, கரைக்கு 45 பாகை சாய்வாக. மணலும் பிடிக்கும், ஆமைக்கும் வழி கிடைக்கும். வேலி ஊன்றுவது, நடுவது எல்லாவற்றையும் முட்டையிடும் பருவத்துக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போதுதான் செடி. முதலில் எண்ணிக்கையைப் போட்டுப் பாருங்கள், பலரும் இங்கேதான் அதிர்ந்து போகிறார்கள். 100 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்றால் 1000 சதுர மீட்டர். புல்வகையை 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு ஐந்து குழி, மொத்தம் 5000 குழி. குழிக்கு இரண்டு மூன்று தண்டு வைத்தால் 10,000 முதல் 15,000 தண்டு. அடும்பு மாதிரி ஓடிப் படரும் கொடியை ஒரு மீட்டருக்கு ஒன்று வைத்தால் 1000 போதும். கைக்காசும் ஆட்பலமும் குறைவு என்றால் இடைவெளியைக் கூட்டாதீர்கள், நீளத்தைக் குறையுங்கள். 30 மீட்டரை நெருக்கமாக நட்டு முடிப்பது, 100 மீட்டரில் தூவிவிட்டதுபோல் நடுவதைவிட எவ்வளவோ மேல். நெருக்கமில்லாத செடிகளுக்கு நடுவே காற்று முன்போலவே ஓடும்.

எந்தச் செடி என்பது அந்தக் கரையைப் பொறுத்தது. வெப்பக் கரைகளில் கடலுக்கு முதல் வரிசையில் அடும்பும், இராவணன் மீசை என்கிற கடற்கரைப் புல்லும் தாமாகவே வருபவை. ஐரோப்பாவின் குளிர்ந்த கரைகளில் மாரம் புல். இது மணல் மேலே விழ விழச் செழிக்கும் ஜாதி, ஆண்டுக்கு ஒரு மீட்டர் வரை புதைந்தாலும் எழுந்துவிடும், புது மணல் வராவிட்டால்தான் சோர்ந்துபோகும். அதற்காக அதை எல்லா ஊருக்கும் கொண்டுபோக முடியாது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் கொண்டுபோய் நட்டார்கள், அது உள்ளூர்ச் செடிகளை நெருக்கித் தள்ளி, திறந்த மணலில் முட்டையிடும் உப்புக்கொத்திப் பறவைகளுக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1946 முதல் 1968 வரை மணல் பிடிக்கவென்றே நட்ட தென்னாப்பிரிக்கப் பிட்டூ புதரை இன்று பணம் செலவழித்துப் பிடுங்குகிறார்கள். சவுக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீக்கிரம் வளரும், பார்க்கப் பசுமையாக இருக்கும், அதனால் எல்லோருக்கும் ஆசை. ஆனால் முன்வரிசையில் நட்டால் நிழலும் உதிர்ந்த சருகும் தரையில் எதையும் முளைக்க விடாது, மணலைக் கட்டும் கொடிகள் மறைந்துபோகும், அலை அடியில் அரித்ததும் மரம் வேரோடு சாய்ந்து பெரிய குழியை விட்டுச் செல்லும். காற்றுத் தடுப்புக்கு மரம் வேண்டுமென்றால் அது மேட்டுக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி இருக்கட்டும்.

நடும் காலம் வெப்பநாட்டில் மழை தொடங்கும்போது, குளிர்நாட்டில் இலையுதிர்காலக் கடைசியிலிருந்து வசந்தத் தொடக்கம் வரை. கொடித்தண்டை அரை மீட்டர் நீளத்துக்கு வெட்டி, மூன்று கணுவாவது மணலுக்குள் போகும்படி, நுனி மட்டும் வெளியே தெரியப் படுக்க வையுங்கள். புல் என்றால் 20 முதல் 25 சென்டிமீட்டர் ஆழம். மேலே உலர்ந்த மணல் எவ்வளவு தடிமன் இருக்கிறதோ அதைத் தாண்டி, ஈரம் கையில் படும் வரை தோண்ட வேண்டும் என்பதுதான் உண்மையான அளவுகோல். உலர்ந்த மணலில் குழி நிற்காது, சரிந்து மூடிக்கொள்ளும். அதனால் ஒருவர் மண்வெட்டியைச் செருகி முன்னே தள்ளிப் பிடிக்க, இன்னொருவர் அந்த இடுக்கில் செடியை இறக்க வேண்டும். குதிகாலால் நன்றாக மிதித்து இறுக்கியபின் ஓர் இலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், இலை அறுந்தால் நடவு சரி, செடி வந்தால் மறுபடி நடுங்கள். நாற்றின் வேரை ஈரச் சாக்கிலிருந்து குழிக்கு நேராக எடுத்துப் போக வேண்டும், கடற்காற்றில் சில நிமிடம் திறந்து கிடந்தாலே வேர்முடி கருகிவிடும். அடும்பு விதையின் தோல் கல் மாதிரி கெட்டி, உப்புத்தாளில் ஓரம் தேய்த்து ஓர் இரவு ஊறவைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். தாய்ச்செடிக்காக இருக்கிற மேட்டை வழித்து எடுக்காதீர்கள், பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி நாற்றங்காலில் பெருக்கிக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து மணல் கொண்டுவருவதாக இருந்தால் ஒரு சோதனை. கண்ணாடிப் புட்டியில் அந்த மணலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடம் கழித்தும் தண்ணீர் சேறாகவே இருந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வண்டல் கலந்த மணல் காய்ந்து ஓடாக இறுகும், காற்றும் தூக்காது, ஆமையும் தோண்டாது. மணியின் பருமனும் நிறமும் அந்தக் கரையின் மணலை ஒத்திருக்க வேண்டும். கருத்த மணல் அதிகம் சூடேறும், ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது முட்டை கிடக்கும் மணலின் சூடுதான். கடலடியிலிருந்து எடுத்த மணலாக இருந்தால் மழை உப்பைக் கழுவும் வரை நடவு வேண்டாம்.

நட்டபின் வரும் முதல் புயல் மேட்டின் முகத்தை நேர்க்குத்தாக வெட்டிவிட்டுப் போகும். வேர்கள் தொங்கும், வேலி காணாமல் போயிருக்கும். காலையில் போய்ப் பார்க்கும்போது அழுகை வரும், இதைச் சொல்லிவைப்பதில் வெட்கமில்லை. அன்றைக்கே பொக்லைன் கொண்டுவந்து முன்கரை மணலை மேட்டில் ஏற்றச் சொல்வார்கள், கட்டட இடிபாட்டைக் கொட்டச் சொல்வார்கள். இரண்டையும் செய்யாதீர்கள். முன்கரையை வழித்தால் அடுத்த அலை இன்னும் கிட்டே வரும், செடியில்லாத குவியல் அடுத்த கொந்தளிப்பில் கரைந்துவிடும். செங்குத்து முகம் காய்ந்து தானாகவே சரிந்து சாய்வாகும். தொங்கும் தண்டுகளை வெட்டாமல் அடியில் மணலுக்குள் செருகிவிடுங்கள், பல துளிர்க்கும். கம்பை எடுத்துப்போய் அளவை எடுங்கள், வேலித்துண்டுகளைப் பொறுக்குங்கள். மறுநடவு, முன்கரையில் மணல் திரும்பி உலர்ந்த பட்டை தெரிந்தபிறகுதான். அது சில மாதமும் ஆகும், பெரும்புயலென்றால் சில வருடமும் ஆகும்.

இந்தக் காரணத்தால்தான் கையில் இருக்கும் பணத்தில் பாதியை முதல் வருடத்தில் தொடக் கூடாது என்கிறேன். இரண்டாம் மூன்றாம் வருட மறுநடவு, வேலிப் பழுது, களையெடுப்பு, இவற்றுக்கு யாரும் உதவிப்பணம் தருவதில்லை, திறப்பு விழாவுக்குத்தான் தருவார்கள். உரத்துக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம், மெதுவாகக் கரையும் உரம் ஒரு சிட்டிகை குழிக்குள் போதும். அதிகம் போட்டால் களைதான் கொழுக்கும்.

மூன்று வருடமாக, கடல் அமைதியான பருவத்துக்குப் பிறகு எடுத்த அளவிலும் மேட்டடி ஒவ்வொரு முறையும் பின்வாங்கியே இருந்தால், அதே கோட்டில் மறுபடி நடுவதை நிறுத்திவிடுங்கள். மிச்சப் பணத்தை நாற்றில் போடாமல், வேலியையும் பாதையையும் பத்து மீட்டர் பின்னால் தள்ளி அமைக்க வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சாலையோ கட்டடமோ இருந்து அதற்கு வழியில்லை என்றால், அந்த அளவுத் தாள்களை எடுத்துக்கொண்டு அவற்றை நகர்த்தும் அதிகாரம் உள்ளவர்களிடம் போய் உட்காருங்கள்.